ஒட்டுவதா, மாற்றுவதா?

புதன்கிழமை காலையில் லூபர்ட் கொட்டகைக் கதவைத் திறந்தபோது, சைக்கிளின் பின் சக்கரம் காற்றிறங்கித் தரையோடு தரையாகக் கிடந்தது.

கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்தார். பொட்டுக் காற்றுகூட இல்லை. பம்பை எடுத்து அடித்தார். அடித்த காற்று அடித்த வேகத்திலேயே சீறிக்கொண்டு வெளியே வந்தது.

வேறு நாளாக இருந்தால் சைக்கிளை அப்படியே சாத்திவிட்டுக் காப்பி போடப் போயிருப்பார். இன்று புதன்கிழமை. மனைவி ஹேஸ்கா இறந்து மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து புதன்கிழமை மதியமானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே என்று கேட்டால் "பறவை பார்க்க" என்பார். ஃபிரீஸ்லாந்தில் மார்ச் மாதத்தில் ஒரு கிழவர் ஆள்காட்டிக் குருவி பார்க்கப் போனால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். நவம்பரில் என்ன பறவை என்று மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை.

போன புதன்கிழமை அவர் சைக்கிளோடு கால்வாயில் விழுந்துவிட்டார். பால் லாரி ஓட்டுகிறவர்தான் அவரையும் சைக்கிளையும் கரைக்கு இழுத்துப் போட்டார். வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று லூபர்ட் அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். லாரிக்காரர் வாரக்கடைசி வரை சத்தியத்தைக் காப்பாற்றினார். பிறகு லூபர்டின் மகள் வீப்காவை ரொட்டிக் கடையில் பார்த்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

வீப்கா அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்று மாலை பட்டாணி சூப் மட்டும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

"ரைன்டர்! எந்திரிச்சியா?" என்று லூபர்ட் தோட்டத்திலிருந்து கூப்பிட்டார்.

மகன் ரைன்டர் மாடி ஜன்னலில் தலையை நீட்டினான். நாற்பத்து மூன்று வயது. ரோட்டர்டாமில் மனைவி கொஞ்ச நாள் தனியாக இருக்க வேண்டும் என்று சொன்னதிலிருந்து, பள்ளிக்கூட நாளில் படுத்த அதே கட்டிலில் காலை வெளியே நீட்டிக்கொண்டு படுக்கிறான்.

"என்னப்பா, வீடு பத்திக்கிச்சா?"

"பஞ்சர். வந்து ஒரு கை பிடி."

*

ரைன்டர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினான். வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தான். சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, ட்யூபை வெளியே இழுத்தான். பம்பு அடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் குமிழி கிளம்பியது. அதற்கு விரற்கடை தூரத்தில் இன்னொன்று.

"ரெண்டு. பக்கத்துல பக்கத்துல. ஒரே ஒட்டுல ரெண்டும் அடங்கிடும்."

லூபர்ட் டயரின் உட்பக்கம் முழுவதும் விரலை ஓட்டினார். முள் இல்லை, கண்ணாடிச் சில்லு இல்லை. பிறகு டயரின் பக்கவாட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார். ரப்பர் முழுக்க வெடிப்பு. ஓரிடத்தில் உள்ளிருக்கும் நூல் தெரிந்தது.

"டயரே போச்சு," என்றார். "புதுசு போட்டுடலாம்."

"இதுக்கா? பின் சக்கரம்பா. டயர் மாத்தணும்னா செயின் பெட்டியைக் கழட்டணும், பிரேக்கைக் கழட்டணும், கியர் கம்பியைக் கழட்டணும். மதியம் வரைக்கும் ஆயிடும். ஒட்டினா காப்பி ஆறறதுக்குள்ள முடிஞ்சது."

"நூல் தெரியுது பார்."

"தெரிஞ்சா தெரியட்டும். இந்த டயர் இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும். உங்களுக்கு அதுவே..."

ரைன்டர் அங்கே நிறுத்தினான். நிறுத்தியது ஒரு சொல் தாமதம்.

"எனக்கு அதுவே?" என்றார் லூபர்ட்.

"போதும்னு சொல்ல வந்தேன்."

"எதுவரைக்கும் போதும்?"

"அப்பா, நான் அந்த அர்த்தத்துல சொல்லலை."

"எந்த அர்த்தத்துல சொன்னே?"

ரைன்டர் ட்யூபைத் துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். அப்போதுதான் ஓட்டைகளை நன்றாகப் பார்த்தான். முள் குத்தினால் புள்ளி போல இருக்கும். கண்ணாடி கிழித்தால் கீறலாக இருக்கும். இவை இரண்டும் மூன்று மூலையாக, பிஞ்சு நட்சத்திரம் மாதிரி பிளந்திருந்தன.

நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டாரா இல்லையா என்று அந்த முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. நாற்பது வருடம் கால்வாயில் தூக்குப்பாலம் இயக்கியவர். தாமதமானதற்குப் படகுக்காரர்கள் எப்படித் திட்டினாலும் அதே முகம்தான்.

"ட்யூபை உள்ள தள்ளு. நான் கடைக்கு உருட்டிட்டுப் போறேன்."

"நான் வர்றேன்."

"வேண்டாம். நீ காப்பி குடி. ஆறிடப் போகுது."

*

கிராமத்துச் சைக்கிள் கடை தேவாலயத்துக்கு எதிரில் இருந்தது. கடைக்காரப் பெண்மணி எழுந்து வந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஒட்டித் தரவா லூபர்ட், மாத்தித் தரவா?"

"நீ என்ன சொல்றே?"

"ஒட்டலாம். ஆனா இந்த டயர் உங்களைக் கைவிட்டா நடு வழியில விடும். எவ்வளவு தூரம் போறீங்க?"

"ஏரிக்கு அந்தப் பக்கம் வரைக்கும்."

"இந்தக் காத்துலயா?" அவள் மேலே கேட்கவில்லை. மூன்று டயர்களை இறக்கி வைத்தாள். "இது சாதாரணம். இது கொஞ்சம் மேல். இது உள்ள தடிமனா ரப்பர் வச்சது, ஆணி குத்தினாக்கூட இறங்காது. என் அனுபவத்துல ஏழெட்டு வருஷம் உழைக்கும். ஆனா கனம். உங்க வயசுக்கு மிதிக்கக் கஷ்டமா இருக்கும்."

"அந்தக் கனமானதைப் போடு."

"நிச்சயமாவா?"

"ஏழெட்டு வருஷம்னு சொன்னேல்ல?"

"சொன்னேன்."

"அதைப் போடு."

*

அதே நேரத்தில் ரைன்டர், வீப்கா வேலை செய்யும் படகுப் பாய் தைக்கும் பட்டறையின் வாசலில் நின்றிருந்தான். கோடையில் ஏரிக்கு வரும் படகுகளின் பாய்கள் எல்லாம் குளிர்காலம் முடிவதற்குள் இங்கே தைக்க வரும். கூடம் முழுக்க வெள்ளைத் துணி பரந்து கிடந்தது. நடுவில் வீப்கா மண்டியிட்டு உட்கார்ந்து ஒரு மூலையைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் தோலுறை. விரல்களுக்கிடையில் நீளமான ஊசி.

"அக்கா, அந்த ஊசியைக் கொஞ்சம் காட்டு."

"எதுக்கு?"

"சும்மா."

அவன் வாங்கி முனையைப் பார்த்தான். மூன்று பட்டை. சின்ன வயதில் இருவரும் இதே மாதிரி ஊசியால் செருப்பில் ஓட்டை போட்டு அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறார்கள்.

"நீதானா?"

வீப்கா நூலை இழுத்து முடிச்சுப் போட்டாள். பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஆமா."

"ரெண்டு ஓட்டை எதுக்கு?"

"முதல் குத்துல காத்து இறங்கலை. டயரோட நின்னுபோச்சு போலன்னு நினைச்சு இன்னொண்ணு போட்டேன். அப்புறம் பார்த்தா ரெண்டுமே இறங்கியிருக்கு."

ரைன்டருக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"பைத்தியமா உனக்கு? ஓட்டிட்டுப் போறப்ப இறங்கியிருந்தா?"

"அதனாலதான் பின் சக்கரத்துல குத்தினேன். முன் சக்கரம் இறங்கினா ஆள் விழுவாரு. எல்லாம் யோசிச்சுத்தான் குத்தினேன். பின் சக்கரம்னா கழட்டிப் பூட்டறதுக்குள்ள புதன்கிழமை முடிஞ்சிடும்னு நினைச்சேன்."

"கேட்டிருக்கலாம்ல அவர்கிட்ட?"

"கேட்டா? 'பறவை'ம்பாரு. அவ்வளவுதான். கால்வாயில விழுந்துட்டு வந்து நனைஞ்ச துணியைத் தானே காயப்போட்டுட்டு எங்கிட்ட முட்டை வாங்கியாம்மான்னு சொன்ன மனுஷன்டா அவரு. அன்னிக்கு நான் முட்டை வாங்கிட்டு வந்து கொடுத்தேன். கொடியில பேன்ட் தொங்குது. எனக்கு ஒண்ணும் தோணலை." அவள் ஊசியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "நீ பதினஞ்சு வருஷம் ரோட்டர்டாம்ல இருந்துட்டே. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வந்து தலையைக் காட்டிட்டு ஆலோசனை சொல்றது ரொம்பச் சுலபம்."

அது உண்மை என்று ரைன்டருக்குத் தெரியும். "அவர் கடைக்குப் போயிட்டாரு. புது டயர் போடறாராம்," என்றான்.

"ஒட்டக்கூட இல்லையா?"

"இல்லை. நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இல்லாம ஒண்ணு சொன்னேன். அதுக்கு அவர் பதில் அது." அவன் வாசல் பக்கம் திரும்பினான். "இன்னொண்ணு. அவருக்குத் தெரிஞ்சிருச்சுன்னு நினைக்கிறேன்."

வீப்கா தோலுறையைக் கழற்றினாள்.

*

அவர்கள் இருவரும் வந்தபோது லூபர்ட் சமையலறையில் கம்பு ரொட்டியின் மேல் பாலாடைக் கட்டியைச் சீவி வைத்துக்கொண்டிருந்தார். மூன்று தட்டு. வீப்கா கோட்டைக் கழற்றாமல் நின்றாள்.

லூபர்ட் மேசை மேல் பழைய ட்யூபை எடுத்து வைத்தார்.

"கடைக்காரம்மா இங்கயே போட்டுடுங்கன்னு சொன்னா. எடுத்துட்டு வந்தேன்," என்றார். "மூணு மூலை ஓட்டை, வீப்கா."

"நான்தான்பா."

"நேத்து சூப் கொண்டுவந்தப்பவா?"

"சூப் கொண்டுவந்தப்பதான்."

"சூப் நல்லா இருந்துச்சு."

"அப்பா!"

ரைன்டர் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தான். பக்கத்து வயலில் ஆடுகள் எப்போதும் போல நின்றிருந்தன.

"உங்களைத் தண்ணியிலேருந்து ஒரு லாரிக்காரர் இழுத்துப் போட்டிருக்காரு," என்றாள் வீப்கா. "அது எனக்கு ரொட்டிக் கடை வரிசையில தெரியுது. பின்னாடி நிக்கற ரெண்டு பேருக்கும் என்னோட சேர்ந்துதான் தெரியுது. எங்கிட்ட சொல்றதுக்கு உங்களுக்கு என்ன?"

"சொன்னா சைக்கிளைப் பிடுங்கியிருப்பே."

"ஆமா, பிடுங்கியிருப்பேன்!"

"அதான்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் லூபர்டுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அவள் நாற்காலியை இழுத்துக் கோட்டோடு உட்கார்ந்தாள். ட்யூபை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தான் போட்ட ஓட்டைகளைப் பார்த்தாள்.

"இடது கண்ணுல ஓரம் தெரியலை," என்றார் லூபர்ட். இதை அவர் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. "ஒரு வருஷமாச்சு. நேரா பார்த்தா எல்லாம் தெரியும். இடது பக்கம் பாதை முடியற இடம் தெரியாது. அன்னிக்கு எதிர்ல டிராக்டர் வந்துச்சு, ஒதுங்கினேன். ஒதுங்கின இடத்துல பாதை இல்லை."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"போகலை."

வீப்கா தம்பியைப் பார்த்தாள். ரைன்டர் ஆடுகளை விட்டுவிட்டுத் திரும்பினான்.

"நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்," என்றான். பிறகு, "அப்பா, காலையில நான் சொன்னது தப்பு," என்றான்.

"தப்பு இல்லை. அந்தக் கணக்கை நானும் போட்டுப் பார்த்திருக்கேன். ஆனா அதை வேற ஒருத்தர் வாயால கேட்கறப்ப கோபம் வருது." ஒரு துண்டு ரொட்டியை அவன் பக்கம் தள்ளினார். "டாக்டர்கிட்ட போலாம். சாப்பிடு."

மூவரும் சாப்பிட்டார்கள். காற்று கூரை ஓட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்ததும் லூபர்ட் எழுந்து மழைக்கோட்டை மாட்டினார்.

"இப்ப எங்க?" என்றாள் வீப்கா.

"புதன்கிழமை."

"இவ்வளவு பேசினப்புறமுமா?"

"டயர் புதுசு."

"கண்ணு பழசுதானேப்பா! அப்படி என்னதான் பறவை அது? எங்கதான் போறீங்க?"

லூபர்ட் கதவுப் பிடியில் கைவைத்தபடி கொஞ்சம் நின்றார். பறவை என்று சொன்ன பிறகும் யாரும் அவரிடம் இப்படி நேராகக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை எப்போதோ சொல்லியிருப்பார்.

"உன் சைக்கிளை எடு," என்றார். "காத்து இன்னும் ஏறறதுக்குள்ள போயிடலாம்."

*

கால்வாய்க் கரைப் பாதையில் தண்ணீர் இடது பக்கம் இருந்தது. வீப்கா அப்பாவுக்கு இடது பக்கமாக, தண்ணீருக்கும் அவருக்கும் நடுவில் வந்து மிதித்தாள். பக்கக் காற்றுக்கு இருவரும் சாய்ந்துகொண்டே போனார்கள்.

"கனமா இருக்கா டயர்?"

"இருக்கு."

"நல்லா வேணும்."

லூபர்ட் சிரித்தார். மூச்சு வாங்கியதால் அது இருமலாக முடிந்தது.

ஆள்காட்டிகள் கத்திக்கொண்டு வயலில் இறங்கும் மேட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்தார். ஏரியைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குள் நுழைந்து, செங்கல் கட்டிய ஒரு முதியோர் இல்லத்தின் வாசலில் இறங்கினார். அவரை அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வரவேற்பில் இருந்த பெண், "இன்னிக்கு ஆளு கூட்டிட்டு வந்திருக்கீங்களே," என்றாள்.

நடைவழியின் கடைசிக் கதவில் ஒரு பெயர்ப் பலகை. வீப்கா அதைப் படித்துவிட்டு அங்கேயே நின்றாள்.

பௌக்யா. அம்மாவின் தங்கை. தாத்தா இறந்த வருடம் அம்மாவும் சித்தியும் இதே மாதிரி ஒரு மார்ச் மாதத்தில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டார்கள். அன்று போன சித்தி பிறகு அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. காரணத்தை யாரும் சொன்னதில்லை. வீப்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அம்மாவின் அடக்கத்துக்குக்கூடச் சித்தியைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"இங்கயா வர்றீங்க?" என்றாள் மெதுவாக.

"அம்மா இறந்த மாசம் இங்கேருந்து போன் பண்ணாங்க. பௌக்யாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பிச்சிடுச்சு, ஓயாம அக்காவைக் கேட்கறான்னு. வந்து சொன்னேன், அக்கா இல்லைன்னு. அழுதா. அடுத்த வாரம் வந்தேன், மறந்துட்டா. மறுபடி சொன்னேன். மறுபடி முதல்லேருந்து அழுதா." லூபர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அதுக்கப்புறம் சொல்றதில்லை. ஹேஸ்காவுக்கு உடம்பு சரியில்லை, அடுத்த புதன்கிழமை வருவான்னு சொல்லிட்டிருக்கேன்."

"மூணு வருஷமாவா?"

"அவளுக்கு அது எப்பவும் முதல் தடவைதான்." அவர் கதவைத் தட்டினார். "உள்ள போனதும் எதையும் திருத்தாதே. என்ன சொன்னாலும் சரின்னு சொல்லு. அது போதும்."

அறை சின்னது. ஏரி தெரியும் ஜன்னலோரம் ஒரு வெள்ளை முடிப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் கம்பளிப் போர்வை. லூபர்டைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு அவருக்குப் பின்னால் பார்த்தாள்.

அங்கே நின்ற வீப்காவுக்கு அம்மாவின் நெற்றி, அம்மாவின் தாடை, அம்மாவைப் போலவே காற்றில் கலைந்த முடி. பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான்.

"ஹேஸ்கா," என்றாள் பௌக்யா.

இரண்டு கைகளையும் நீட்டினாள். வீப்கா போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கோபம் போயிடுச்சா உனக்கு?"

"போயிடுச்சு," என்றாள் வீப்கா.

பௌக்யா அவளை நாற்காலியருகே இழுத்தாள். லூபர்டை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"லூபர்ட், கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்க. நாங்க அக்கா தங்கச்சி பேசணும்."

இந்த அறையில் அவரை யாரும் இதுவரை வெளியே போகச் சொன்னதில்லை. அவர் மகளைப் பார்த்தார். வீப்கா தலையசைத்தாள். அவர் போய்க் கதவைச் சாத்தினார். நடைவழியில் அவருடைய செருப்புச் சத்தம் சில அடிகள் போய் நின்றது.

பௌக்யா வீப்காவின் காதோரம் குனிந்தாள்.

"அந்தக் குழந்தை விஷயத்தை அவர்கிட்ட சொல்லிட்டியா?"

திருத்தாதே என்று அப்பா சொல்லியிருந்தார். எந்தக் குழந்தை என்று வீப்காவுக்குத் தெரியவில்லை; அம்மாவும் சித்தியும் கதவைச் சாத்திக்கொண்டு போட்ட சண்டைதான் ஞாபகம் வந்தது. அவள் சித்தியின் கையை விடாமல் கதவைப் பார்த்தாள்.

"இன்னும் இல்லை," என்றாள்.